வீட்டில் உட்காரும் நாய் வீதியில் ஏன் உட்காருவதில்லை?

வீட்டுக் கூடத்தில் 'சிட்' என்ற சொல் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் உட்கார்ந்துவிடும் நாய், திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் பக்கம் வந்ததும் அந்தச் சொல்லைக் கேட்டே அறியாததுபோல் நிற்கும். வளர்ப்பவர் இரண்டாம் முறை சொல்வார், மூன்றாம் முறை கத்துவார், பிறகு கயிற்றைச் சுண்டி இழுப்பார். "வீட்டுல சொன்னா சொன்னபடி கேக்கும்ங்க" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சமாதானமும் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. வீட்டில் அது உண்மையாகவே கேட்கிறது. அப்படியானால் வெளியே வந்ததும் என்ன ஆகிறது? திமிர் என்பார் சிலர், நாட்டு நாய்க்கு அவ்வளவுதான் புத்தி என்பார் சிலர். விலங்குகளின் கற்றலை நூறாண்டுக்கும் மேலாக ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அந்த நாய் யாரையும் மீறவில்லை. நாம் கற்பித்ததாக நினைக்கும் பாடத்தை அது இன்னும் கற்கவே இல்லை, வீட்டில் அது கற்றது வேறொரு பாடம். நாயை நன்னடத்தைத் தேர்வுக்குத் தயார் செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அப்படியொரு தேர்வு உண்டா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப் 1989இல் 'கேனைன் குட் சிட்டிசன்' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1992இல் தன்னுடையதைத் தொடங்கியது. அமெரிக்கத் தேர்வில் பத்துப் பகுதிகள். முன்பின் தெரியாதவர் வந்து வளர்ப்பவரிடம் பேசும்போது நாய் அவர்மேல் பாயக் கூடாது. அவர் தடவிக் கொடுத்தால் அமைதியாக இருக்க வேண்டும். காதையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க விட வேண்டும். கயிறு தளர்ந்திருக்க உடன் நடக்க வேண்டும், கூட்டத்தின் நடுவே போக வேண்டும், உட்கார், படு என்றால் கேட்க வேண்டும், இரு என்ற இடத்தில் இருக்க வேண்டும், பத்தடி தூரத்திலிருந்து அழைத்தால் வர வேண்டும். இன்னொரு நாய் எதிரே வந்தாலும், பின்னால் நாற்காலி விழுந்தாலும் நிலைகுலையக் கூடாது. கடைசியாக, வளர்ப்பவர் கண்ணில் படாத மூன்று நிமிடங்கள் வேறொருவர் கையில் பதறாமல் இருக்க வேண்டும். உறுமினாலோ கடிக்கப் போனாலோ தோல்வி. சாதி நாயா கலப்பு நாயா என்ற கேள்வியே இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பத்தில் வித்தை எதுவுமே இல்லை. கை கொடுப்பதற்கும் வளையத்துக்குள் தாவுவதற்கும் மதிப்பெண் கிடையாது. எளிய நான்கைந்து செயல்கள், அந்நியர்கள் நடுவே, புதிய இடத்தில் நடக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதாவது, வீட்டில் கற்றது வீட்டை விட்டு வெளியே வருகிறதா என்பதையே இந்தத் தேர்வு அளக்கிறது.

நாய் எப்படிக் கற்கிறது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து தொடங்கலாம். பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து வெளியே உணவு வைப்பார். உள்ளே தொங்கும் வளையத்தையோ நெம்புகோலையோ அசைத்தால் கதவு திறக்கும். பூனை பிறாண்டும், கடிக்கும், கத்தும். தற்செயலாக வளையம் இழுபடும், கதவு திறக்கும். மறுபடி மறுபடி அடைக்கும்போது வீணான அசைவுகள் குறைந்து, வெளியேறும் நேரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. 'ஓ, புரிந்தது!' என்று திடீரென விளங்கியதற்கான அடையாளம் இல்லை. நல்ல விளைவைத் தந்த செயல் நிலைத்தது, தராதது உதிர்ந்தது. இதைத்தான் ஆசிரியப் பயிற்சிப் பாடநூல்கள் 'விளைவு விதி' என்கின்றன. பின்னால் வந்த உளவியலாளர் ஸ்கின்னர் இதை விரிவாக்கினார். ஒரு செயலின் விளைவு அந்தச் செயலை மேலும் அடிக்கடி நிகழச் செய்தால் அது 'வலுவூட்டல்'. நாய் உட்கார்ந்த கணத்தில் கிடைக்கும் கோழித் துண்டு ஒரு வலுவூட்டல். கணம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் உட்கார்ந்து, எழுந்து, மோந்து பார்த்த பிறகு துண்டைக் கொடுத்தால், மோந்து பார்த்ததற்குத்தான் கூலி கிடைத்ததாகக் கணக்கு.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. விளைவு வலுவூட்டுவது செயலை மட்டுமில்லை, அந்தச் செயல் எந்தச் சூழலில் நடந்ததோ அந்தச் சூழலோடு அதற்கு ஏற்படும் பிணைப்பையும்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். சாவியின் ஒவ்வொரு வெட்டும் உள்ளே ஒரு லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பூட்டு திறக்காது. நாயின் மனத்தில் 'சிட்' என்ற சொல் ஒரு வெட்டு மட்டுமே. சமையலறை வாசல், மாலை நேரம், எதிரே குனிந்து நிற்கும் ஆள், சொல்லும்போதே தன்னையறியாமல் உயரும் வலது கை, சட்டைப் பையிலிருந்து வரும் பிஸ்கட் வாசம் எல்லாமே மற்ற வெட்டுகள். இத்தனையும் சேர்ந்த சாவிக்குத்தான் நாய் உட்காரப் பழகியிருக்கிறது. பேருந்து நிலையத்தில் நாம் நீட்டுவது ஒரே ஒரு வெட்டுள்ள சாவியை. திறக்கவில்லை என்று பூட்டை அடித்து என்ன பயன்? எந்த வெட்டுகள் தேவையற்றவை என்று நாய்க்குக் காட்டுவதே பயிற்சி. இடம், நேரம், ஆள், கையசைவு என ஒவ்வொன்றாக மாற்றியும், சொல்லை மட்டும் மாற்றாமல் விட்டும் பழக்கினால், கடைசியில் சொல் மட்டுமே போதும் என்ற நிலை வரும். உளவியல் இதைப் 'பொதுமைப்படுத்தல்' என்கிறது. மனிதக் குழந்தை இதைக் கணிசமாகத் தானே செய்துகொள்ளும். நாய்க்கு நாம்தான் வாய்ப்புகளை அமைத்துத் தர வேண்டும்.

நாய் கவனிப்பது சொல்லை மட்டுமில்லை என்பது எப்படித் தெரியும்? 2005இல் பிரிட்டனில் ஃபுகுசாவா, மில்ஸ், கூப்பர் ஆகியோர் கட்டளைகளைக் கற்ற நாய்களிடம் அதே கட்டளைகளை ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து ஒலிக்கச் செய்தார்கள். அதே சொல்தான், ஆனால் நாய்கள் செய்த தவறுகள் கூடின. கட்டளைச் சொல்லின் ஓரிரு ஒலிகளை மாற்றியபோதும் பதில் குறைந்தது. இத்தாலியில் 2016இல் நடந்த ஓர் ஆய்வில், வாய் ஒன்றைச் சொல்லிக் கை வேறொன்றைக் காட்டியபோது நாய்கள் பெரும்பாலும் கையைத்தான் நம்பின. இவற்றை நம் வீடுகளோடு பொருத்திப் பார்த்தால் பல மர்மங்கள் விலகும். அப்பா 'சிட்' என்பார், பாட்டி 'உக்காரு' என்பார், பையன் 'சிட் சிட் சிட்' என்று அடுக்குவான். நமக்கு எல்லாம் ஒரே பொருள். நாய்க்கு மூன்று வெவ்வேறு ஓசைகள், மூன்று வெவ்வேறு உடல்கள். தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா என்பது பொருட்டே இல்லை. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே சொல்லை, ஒரே முறை, ஒரே மாதிரி சொல்கிறார்களா என்பதுதான் பொருட்டு. தேர்வுக்கு முன்னால் திருத்தப்பட வேண்டியவர்கள் பெரும்பாலும் வீட்டு மனிதர்கள்தான்.

அடுத்தது இடம். கூடத்தில் பழகியதை நேராகக் கடைவீதியில் சோதிப்பது பெரும்பாலோர் செய்யும் வேலை. நடுவே எத்தனையோ படிகள் இருக்கின்றன. மொட்டை மாடி, வாசல், விடியற்காலையில் ஆளரவமற்ற தெரு, நடைப்பயிற்சிக்காரர்கள் வரத் தொடங்கும் நேரத்து மைதானத்தின் ஓரம் என்று வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு புதிய இடத்திலும் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும். முதல் முறை மெதுவாகத்தான் வரும், இரண்டாம் மூன்றாம் இடங்களில் விரைவாக வரும். இடையூறுகளுக்கும் இதே முறைதான், ஆனால் அங்கே முக்கியமான அளவுகோல் தூரம். ஒரு தெருநாயைப் பத்தடியில் கண்டால் குரைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்க்கும் நாய், அதையே நூறடியில் கண்டால் காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டு நம் முகத்துக்குத் திரும்பக்கூடும். எந்தத் தூரத்தில் அது பார்க்கவும் முடிந்து, நம் சொல்லைக் கேட்கவும் முடிகிறதோ அங்கேதான் பயிற்சி நடக்க வேண்டும். பிறகு நாலைந்து அடியாகக் குறைக்கலாம். அமெரிக்கத் தேர்வில் எதிரே வருவது கயிற்றில் கட்டிய, பழகிய ஒரு நாய். திண்டுக்கல் தெருக்களில் எதிரே வருவது கட்டில்லாத, தனக்கென எல்லை வைத்திருக்கும் நாலு நாய்கள். அந்தத் தேர்வில் நாற்காலி விழும். இங்கே காற்று ஒலிப்பானை அலறவிட்டுத் தனியார் பேருந்து வரும், ஆட்டு மந்தை சாலையைக் கடக்கும். அய்யலூர் சந்தை நாளில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் எத்தனை ஆடு என்று எண்ண முடியாது. முயலைத் துரத்தவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிப்பிப்பாறைக்கோ கன்னிக்கோ, ஓடும் எதைக் கண்டாலும் கால் தரிக்காது. அவற்றுக்குத் தொடக்கத் தூரம் அதிகமாக இருக்க வேண்டும். நம்மூர்த் தெருவில் தேறிய நாய்க்கு எந்த ஊர்த் தேர்வு மைதானமும் அமைதியாகத்தான் தோன்றும்.

இதுவரை சொன்னது நாயின் செயலைப் பற்றி. அச்சம் வேறு கணக்கு. வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயிடம் 'உட்கார்' என்பதில் பொருளில்லை. அது முடிவெடுக்கும் நிலையிலேயே இல்லை. செரிமானத்தை ஆராய்ந்ததற்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லவ், உணவுக்கு முன் வரும் அடையாளத்துக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார். அச்சமும் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது: ஓரிரு முறை சத்தத்தோடு வலியோ பீதியோ சேர்ந்தால் போதும். நல்லவேளையாக, ஒட்டியதைப் படிப்படியாக மாற்றவும் முடியும். மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, முயலைத் தொலைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்களுக்கும் இன்று இதே முறைதான். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவின் கொட்டும் வெடியும் நாயைப் பாதிக்கும் என்றால், திருவிழாவுக்கு மாதங்கள் முன்பே கைபேசியில் அந்த ஓசையை மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, நல்ல தீனியோடு இணைத்து, நாள்கள் போகப் போகச் சற்றே உயர்த்த வேண்டும். திருவிழா அன்றே கூட்டத்துக்குள் இழுத்துப் போய் 'பழகிக்கொள்ளட்டும்' என்பது அச்சத்தை இன்னும் ஆழமாகப் பதிக்கும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று இங்கே ஒரு கேள்வி எழும். இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்து 1961இல் வெளியான சோதனையில், பதினான்கு வாரம்வரை மனிதர் முகமே பார்க்காமல் வளர்ந்த குட்டிகள் பிறகும் மனிதரைக் கண்டு மிரண்டன. ஏறத்தாழ இரண்டரை வாரத்திலிருந்து ஒன்பது முதல் பதின்மூன்றாம் வாரம்வரை உள்ள காலம் குட்டிக்கு உலகம் அறிமுகமாகும் காலம் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆகவே அந்நியர், குழந்தைகள், தொப்பி வைத்தவர், கைத்தடி ஊன்றியவர், பைக் ஓசை எல்லாவற்றையும் அந்த வயதில் இதமாக அறிமுகப்படுத்துவது பின்னால் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும். ஆனால் இது அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் உரிய விதி. உட்கார், இரு, வா போன்றவற்றைக் கற்க வயது தடையில்லை. வளர்ந்த நாய்க்குப் பழைய பழக்கங்களின் சுமை இருக்கும், அவ்வளவே.

இன்னும் உரத்து ஒலிக்கும் மறுப்பு, அடியாத மாடு படியாது என்பது. அடித்தால் நாய் ஒரு செயலை நிறுத்தும், அதை மறுப்பதற்கில்லை. அதோடு வேறு என்னென்ன நடக்கின்றன என்பதுதான் கேள்வி. போர்ச்சுகலில் 2020இல் வெளியான ஆய்வு பல பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 வளர்ப்பு நாய்களை எடுத்துக்கொண்டது. தண்டனை மிகுந்த பள்ளிகளில் பயின்றவை பயிற்சியின்போது உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், உடலைத் தாழ்த்துதல் போன்ற மன அழுத்த அடையாளங்களை அதிகம் காட்டின. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடுதலாக இருந்தது. உணவு இருக்குமா இருக்காதா என்ற ஐயத்துக்கிடமான இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி அவை மெதுவாகவே சென்றன. உள்ளே ஒன்றும் இருக்காது என்ற எதிர்பார்ப்பையே ஆய்வாளர்கள் அதில் கண்டார்கள். பயிற்சி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வளர்ப்பவர்களே என்பதால், நாய்களுக்கிடையே முன்பே வேறுபாடு இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அடியை ஆதரிப்பவர்கள் அதைவிட வலுவான சான்று எதையும் வைப்பதில்லை. 'நான்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்' என்ற வாதத்தின் வேர், ருடால்ஃப் ஷென்கெல் 1947இல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மீச் 1999இல் எழுதியது, அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்பது. தலைமைக்கு ஓயாமல் அடித்துக்கொள்ளும் கும்பல் காட்டில் இல்லை. தேர்வைப் பொறுத்தவரை அடிக்கு இன்னொரு கேடும் உண்டு. அந்நியர் கை உயரும்போது அது தடவ வருகிறதா அடிக்க வருகிறதா என்று ஐயப்படும் நாய், முதல் மூன்று பகுதிகளிலேயே தோற்றுவிடும்.

தீனி கொடுத்துப் பழக்குவது லஞ்சம், தீனி இல்லாவிட்டால் நாய் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அடுத்த மறுப்பு. இது பாதி நியாயமான கவலை. அமெரிக்கத் தேர்வில் தீனி காட்ட அனுமதியே இல்லை. பாராட்டிப் பேசலாம். லஞ்சத்துக்கும் கூலிக்கும் வேறுபாடு, முன்னால் காட்டுவதா பின்னால் கொடுப்பதா என்பது. பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு 'சிட்' என்றால், பிஸ்கட்டும் சாவியின் ஒரு வெட்டாகிவிடுகிறது. பையில் மறைவாக வைத்துச் செயலுக்குப் பின் எடுத்தால் அப்படி ஆகாது. செயல் உறுதியானதும் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல் இரண்டாம் முறை, ஐந்தாம் முறை, மூன்றாம் முறை என்று ஒழுங்கின்றிக் கொடுக்க வேண்டும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்காகக் கற்ற பழக்கம் எளிதில் அழிவதில்லை என்பதை ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார்கள். வாசற்கதவு திறப்பதும், கயிறு மாட்டி வெளியே போவதும், முதுகைத் தடவுவதும்கூடக் கூலிதான். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெறும் வாய்ப் பாராட்டைவிடத் தடவலையே நாய்கள் நாடியதைக் கண்டது. 'குட் பாய்' என்பதை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போவது ஏமாற்றத்தில் முடியும். அந்தச் சொல்லைப் பல நாள்கள் தீனியோடும் தடவலோடும் இணைத்துவிட்டால், தேர்வில் அது கைகொடுக்கும்.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் ஏறாது என்பவர்களுக்குப் பதில் கொல்கத்தாவிலிருந்து வருகிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்கிறது. 2020இல் வெளியான அவர்களின் ஆய்வில், யாரும் பழக்காத தெருநாய்கள் முன் இரண்டு கிண்ணங்களை மூடி வைத்து, ஓர் அந்நியர் தள்ளி நின்று ஒன்றைச் சுட்டினார். ஏறத்தாழ பாதி நாய்கள் நெருங்கவே இல்லை. நெருங்கியவற்றில் ஐந்தில் நான்கு பங்கு அவர் சுட்டிய கிண்ணத்துக்கே போயின. இதே குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரிடம் நம்பிக்கை வளர்வதற்கு உணவைவிடத் தடவல் அதிகம் உதவியது. கையைப் படிக்கும் அறிவு நம் தெருவிலேயே இருக்கிறது. நெருங்காத பாதிக்குக் குறை அறிவில் என்று சொல்ல முடியாது, அச்சம் தடுத்திருக்கக்கூடும். காவலுக்குப் பெயர்பெற்ற கோம்பையும் ராஜபாளையமும் அந்நியரை ஏற்கத் தயங்கும் இயல்புடையவை என்பது உண்மை. அவற்றுக்குத் தேர்வின் முதல் பகுதிதான் கடினம், நேரமும் அங்கேதான் அதிகம் செலவாக வேண்டும்.

எவ்வளவு நேரம்? டென்மார்க்கில் 2008இல் பீகிள் நாய்களை வைத்து நடந்த ஆய்வில், வாரத்துக்கு ஐந்து நாள் பயின்றவற்றைவிட வாரம் ஒருமுறை பயின்றவை குறைந்த அமர்வுகளிலேயே கற்றன. மொத்த நாள்கள் அதிகமாயின என்பது வேறு. இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகக் கற்பிப்பது வீணில்லை என்பதே இதன் பொருள். எனவே தேர்வுக்கு முந்தின வாரம் மணிக்கணக்கில் வாட்டுவதைவிட, சில மாதங்கள் முன்பே ஐந்து பத்து நிமிட அமர்வுகளாகத் தொடங்குவது மேல். சமவெளி வெயிலில் நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்க வேண்டியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெளிநாட்டுத் தேர்வு நமக்கெதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுபவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் கடித்த பிறகு வருகிறது, பயிற்சி கடிக்கு முன்னால் வருகிறது. தைப்பூசத்துக்கு நத்தம் சாலை வழியாகப் பழனிக்கு நடக்கும் பக்தர்கள் ஓரமாகப் போகும்போது வாசலில் அமைதியாக நிற்கும் நாய் அந்த வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே நிம்மதி. இப்படியொரு தேர்வை நடத்தப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை: ஒரு மைதானம், கூட்டமாக நடக்க மூன்று பேர், பழகிய ஒரு நாய், கீழே போட ஒரு நாற்காலி. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் நாள். அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கும், நாய்களும் வளர்ப்பவர்களும் எப்படியும் அங்கே கூடுவார்கள். திண்டுக்கல்லின் கால்நடை மருத்துவர்களும் நாய் வளர்ப்போரும் அடுத்த முகாமிலேயே இந்தப் பத்துப் பகுதிகளையும் ஒருமுறை நடத்திப் பார்க்கலாம்.